பனியில் போட்ட கணக்கு: லீஸ மைட்னர் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழின் அறிவியல் பக்கத்தில் அணுக்கருப் பிளவைப் பற்றி எழுதியபோது, அதற்கு முதன்முதலில் விளக்கம் தந்த ஆஸ்திரிய இயற்பியலாளர் லீஸ மைட்னரை (1878–1968) இரண்டே பத்திகளில் சொல்லி முடித்திருந்தேன். கட்டுரையின் மற்றப் பகுதிகளைவிட அந்த இரண்டு பத்திகளுக்குத்தான் கடிதங்கள் அதிகமாக வந்தன. எனவே இம்மாதக் கேள்வி–பதில் பக்கங்களை அவருக்கே ஒதுக்கிவிட்டோம். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஒரு நூலில் லிசா என்றும், இன்னொரு நூலில் லைஸ் என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். பிறந்த நாளும் நவம்பர் 7, நவம்பர் 17 என இரண்டு விதமாக இருக்கிறது. எதைக் கொள்வது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விருத்தாசலம்

பதில்: பெற்றோர் இட்ட பெயர் எலீஸ. வீட்டில் சுருக்கி அழைத்த லீஸ என்பதே பிறகு நிலைத்துவிட்டது. முதலெழுத்தை நீட்டியும் கடைசி எழுத்தை மெலிதாகவும் சொன்னால் ஜெர்மன் ஒலிக்கு நெருக்கமாக இருக்கும். வியன்னாவில் யூதச் சமூகத்தின் பிறப்புப் பதிவேடு நவம்பர் 17 என்கிறது. மற்ற ஆவணங்களில் நவம்பர் 7 என்றே இருக்கிறது, அவரும் அந்த நாளையே தம் பிறந்த நாளாகக் கொண்டார். அதே நவம்பர் 7 தான் மேரி கியூரிக்கும், திருச்சிராப்பள்ளியில் பிறந்த நம் சி. வி. ராமனுக்கும் பிறந்த நாள்.

கேள்வி: பெண்களுக்குப் பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அவர் எப்படிப் பல்கலைக்கழகம் வரை போனார்?
– பி.எட். மாணவி, திண்டிவனம்

பதில்: அக்காலத்து வியன்னாவில் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டுமானால் ஜிம்னாசியம் என்னும் உயர்பள்ளியின் இறுதித் தேர்வில் தேறியிருக்க வேண்டும், அந்தப் பள்ளியிலோ ஆண்பிள்ளைகளை மட்டுமே சேர்த்தார்கள். 1897 இல் ஆஸ்திரிய அரசு பல்கலைக்கழகக் கதவைப் பெண்களுக்குத் திறந்துவிட்டபோதிலும், அந்தத் தேர்வுக்கு ஆயத்தம் செய்ய அவர்களுக்குப் பள்ளி இல்லை. வழக்கறிஞரான தந்தை, கைத்தொழில் ஒன்று இருக்கட்டும் என்று எண்ணி, முதலில் பிரெஞ்சு மொழி ஆசிரியைக்கான தகுதியைப் பெறச் சொன்னார். அதை முடித்துக்கொண்டு, எட்டாண்டுப் பாடங்களைத் தனிப்பயிற்சியில் இரண்டே ஆண்டுகளில் படித்தார் மைட்னர். புத்தகம் கையில் இல்லாமல் அவர் அறையைக் கடந்து போனாலே, "இதோ பார், படிக்காமல் நடக்கிறாய், தேர்வில் தோற்கத்தான் போகிறாய்" என்று உடன்பிறந்தவர்கள் கேலி செய்வார்களாம். 1901 இல் அத்தேர்வை எழுதிய பதினான்கு பெண்களில் நால்வரே தேறினர்; அந்நால்வரில் இவரும் ஒருவர்.

பல்கலைக்கழகத்தில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் லுட்விக் போல்ட்ஸ்மன். அணு என்ற ஒன்று உண்மையில் உண்டா என்று பெரிய அறிஞர்களே ஐயுற்ற காலத்தில், உண்டு என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் அவர். 1906 இல் மைட்னர் முனைவர் பட்டம் பெற்றார். வியன்னாவில் இயற்பியலில் அப்பட்டம் பெற்ற இரண்டாவது பெண் அவர். அதே ஆண்டு செப்டம்பரில் போல்ட்ஸ்மன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு, இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்கின் வகுப்புகளைச் சில பருவங்கள் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடு மைட்னர் பெர்லினுக்குப் புறப்பட்டார். அங்கே அவர் முப்பத்தொரு ஆண்டுகள் தங்க நேர்ந்தது.

கேள்வி: ஆய்வகத்தின் முன்வாசல் வழியாக அவரை விடவில்லை என்பது உண்மைதானா, மிகைப்படுத்தலா?
– கல்லூரி விரிவுரையாளர், காரைக்குடி

பதில்: உண்மைதான். வேதியியலாளர் ஓட்டோ ஹான், கதிரியக்க ஆய்வில் தமக்குத் துணையாக ஓர் இயற்பியலாளரைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் வேலை பார்த்த வேதியியல் நிறுவனத்தின் தலைவர் எமில் ஃபிஷர், பெண்களைத் தம் ஆய்வகத்துக்குள் அனுமதிப்பதில்லை. பெண்களின் கூந்தலில் தீப்பற்றிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். ஃபிஷரின் தாடிக்கு அந்த அச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. முடிவில் ஒரு சமரசம் ஏற்பட்டது. கீழ்த்தளத்தில் தச்சுப்பட்டறையாக இருந்த ஓர் அறையை அளவீட்டுக்கு ஏற்றாற்போல் மாற்றி ஹானுக்குத் தந்திருந்தார்கள்; அதற்குத் தெருவிலிருந்து தனி வாசல் உண்டு. மைட்னர் அந்த அறையில் மட்டும் வேலை செய்யலாம், மாணவர்கள் இருக்கும் மேல்தளத்துக்கு வரக்கூடாது. கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால், தெருவில் சற்றுத் தள்ளியிருந்த ஓர் உணவகத்துக்குத்தான் அவர் போய்வர வேண்டியிருந்தது. சம்பளமும் இல்லை, வியன்னாவிலிருந்து தந்தை அனுப்பிய சிறு தொகையில் காலம் ஓடியது.

தெருவில் இருவரும் சேர்ந்து போகும்போது நிறுவனத்து உதவியாளர்கள் எதிரே வந்தால், "வணக்கம், ஹான் அவர்களே" என்று ஹானுக்கு மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று மைட்னர் முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1908 இல் நோபெல் பரிசைப் பெற்றுக்கொண்டு ஸ்டாக்ஹோமிலிருந்து திரும்பும் வழியில் பெர்லினுக்கு வந்த கதிரியக்க ஆய்வாளர் எர்னெஸ்ட் ரதர்ஃபோர்டு, மைட்னரைக் கண்டதும், "நீங்கள் ஆண் என்றல்லவா நினைத்திருந்தேன்!" என்றார். கட்டுரைகளில் எல். மைட்னர் என்று மட்டுமே பார்த்திருந்தார் போலும். பிறகு ரதர்ஃபோர்டும் ஹானும் உட்கார்ந்து இயற்பியல் பேசினார்கள். மைட்னர் ரதர்ஃபோர்டின் மனைவியோடு கிறிஸ்துமஸ் சாமான் வாங்கக் கடைவீதிக்குப் போனார்.

பெர்லின் அடங்கிய பிரஷ்யா 1908 இல் பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துக்கொண்ட பிறகு ஃபிஷரும் தடையை நீக்கினார். பின்னர் மைட்னருக்கு ஆதரவாகப் பேசியவர்களில் அவரும் ஒருவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1912 இல் பிளாங்க் அவரைத் தம் உதவியாளராக்கினார். மைட்னர் தம் முப்பத்து நான்காம் வயதில் வாங்கிய முதல் சம்பளம் அதுவே.

கேள்வி: அணுப்பிளவு இல்லாவிட்டால் மைட்னரை யாருக்கும் தெரிந்திருக்காது என்கிறார் என் நண்பர். சரியா?
– பொறியாளர், ஓசூர்

பதில்: உங்கள் நண்பரின் கருத்தை நான் ஏற்கவில்லை. 1938 க்கு முன்பே அவர் ஐரோப்பாவின் முன்னணி அணுக்கரு இயற்பியலாளர்களில் ஒருவர். 1912 முதல் பெர்லினின் டாலம் பகுதியில் இருந்த கைசர் வில்ஹெல்ம் வேதியியல் நிறுவனத்தில் ஹானோடு பணியாற்றினார். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரியப் படையின் மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப் படமெடுக்கும் செவிலியாக இருந்துவிட்டு 1916 இல் திரும்பினார். ஹான் போர்ப்பணியில் இருக்க, பெரும்பாலும் தனியாகவே ஆய்வைத் தொடர்ந்து, 1918 இல் 91 ஆம் தனிமமான புரோட்டாக்டினியத்தின் நீண்ட ஆயுள் கொண்ட வடிவத்தை இருவர் பெயரிலும் வெளியிட்டார். அணுவின் உள்வட்டத்தில் ஏற்படும் வெற்றிடம் நிரம்பும்போது இன்னொரு எலெக்ட்ரான் வெளியே தள்ளப்படுவதை 1922 இல் எழுதினார். மறு ஆண்டு அதையே தனியாகக் கண்ட பிரெஞ்சுக்காரர் பியர் ஓஜேயின் பெயரால் அது இன்று வழங்குகிறது. அதே 1922 இல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமை பெற்று, அண்டவெளி இயற்பியல் பற்றி அவர் ஆற்றிய முதல் உரையைச் செய்தித்தாளில் ஒப்பனை இயற்பியல் என்று அச்சிட்டுவிட்டார்கள். ஜெர்மன் மொழியில் 'கோஸ்மிஷ்', 'கோஸ்மேடிஷ்' என்ற இரு சொற்களும் ஒலியில் நெருக்கமானவை. பேசியவர் பெண் என்றதும் அச்சுக் கோத்தவரின் கை எந்தப் பக்கம் போயிற்று பாருங்கள். 1926 இல் அவர் ஜெர்மனியின் முதல் பெண் இயற்பியல் பேராசிரியரானார்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது பீட்டா கதிர்களைப் பற்றிய வழக்கு. கதிரியக்க அணுக்கருவிலிருந்து வெளிவரும் எலெக்ட்ரான்கள் ஒரே ஆற்றலோடு வர வேண்டும், வழியில்தான் வெவ்வேறு அளவு ஆற்றலை இழக்கின்றன என்பது மைட்னரின் கட்சி. இல்லை, புறப்படும்போதே வெவ்வேறு ஆற்றலோடுதான் புறப்படுகின்றன என்பது கேம்பிரிட்ஜில் இருந்த சார்லஸ் எல்லிஸின் கட்சி. 1927 இல் எல்லிஸும் வூஸ்டரும் வெப்பத்தை அளந்து தம் பக்கத்தை நிறுவினார்கள். மைட்னர் அதை நம்பவில்லை. ஓர்த்மன் என்பவரோடு சேர்ந்து இன்னும் நுட்பமான கருவியைக் கட்டி, மீண்டும் அளந்து, எல்லிஸ் சொன்னதே சரி என்று தாமே வெளியிட்டார். பல ஆண்டுகள் எதிர்த்து வாதாடியவரின் கூற்றை நிலைநாட்டத் தம் உழைப்பையே செலவிட்டவர்கள் அறிவியலில்கூடக் குறைவுதான். கணக்கில் குறையும் ஆற்றல் எங்கே போகிறது என்ற கேள்வி அத்தோடு தப்பிக்க வழியில்லாமல் நின்றது. 1930 டிசம்பர் 4 இல் இயற்பியலாளர் வுல்ஃப்காங் பவுலி, "அன்பார்ந்த கதிரியக்கச் சீமாட்டிகளே, சீமான்களே" என்று தொடங்கி எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், இன்று நியூட்ரினோ என்று நாம் அழைக்கும் துகளை முன்மொழிந்தார். கடிதம் வாசிக்கப்பட்ட கூட்டத்தில் மைட்னரும் இருந்தார்.

கேள்வி: அவர் ஏன் 1933 இலேயே ஜெர்மனியை விட்டு வெளியேறவில்லை? 1938 இல் எப்படித் தப்பினார்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: 1933 இல் இட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்ற காரணத்தால் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமையை இழந்தார் மைட்னர். 1908 இலேயே அவர் புரோட்டஸ்டன்ட் கிறித்தவராகியிருந்தும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. ஆனால் நிறுவனப் பதவி தொடர்ந்தது, ஆஸ்திரியக் குடியுரிமையும் காப்பாக இருந்தது. தம் கையால் ஒவ்வொன்றாகக் கட்டி எழுப்பிய ஆய்வுப்பிரிவை விட்டுப் போக மனம் வரவில்லை. அப்போதே போகாதது மடமை மட்டுமன்று, தவறும்கூட என்று பின்னாளில் தம்மைத் தாமே கடிந்து எழுதினார்.

1938 மார்ச்சில் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியதும் அவருடைய கடவுச்சீட்டு வெறும் தாளாகிவிட்டது. புகழ்பெற்ற யூதர்கள் வெளிநாடு போவது விரும்பத்தக்கதன்று என்று உள்துறை அமைச்சகம் கைவிரித்தது. டச்சு இயற்பியலாளர் டிர்க் கோஸ்டர், குடிவரவு அதிகாரிகளிடம் முன்கூட்டியே இசைவு பெற்றுக்கொண்டு, அவரை அழைத்துப் போகப் பெர்லினுக்கே வந்தார். புறப்படுவதற்கு முந்தைய நாளான ஜூலை 12 இல், யாருக்கும் ஐயம் எழக்கூடாது என்று மைட்னர் இரவு எட்டு மணி வரை நிறுவனத்திலேயே இருந்து, இளைய ஆய்வாளர் ஒருவரின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு சிறிய பெட்டிகளில் துணிமணிகளை அடுக்கினார். அவசரத்துக்கு உதவும், எல்லையில் யார் கையையாவது நிரப்ப வேண்டிவந்தாலும் வரலாம் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தைக் கொடுத்தார். மறுநாள் ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் அச்சம் மேலிட்டு, காரைத் திருப்பச் சொல்லி மைட்னர் கெஞ்சியதாக அவரை அழைத்துச் சென்ற நண்பர் பதிவு செய்திருக்கிறார். எல்லையை எப்படியோ கடந்துவிட்டார்கள். ஐம்பத்தொன்பது வயதில், கைப்பையில் பத்து மார்க்கோடு, வாழ்நாள் உழைப்பு முழுவதையும் பின்னால் விட்டுவிட்டுப் போனார். ஹாலந்திலிருந்து ஸ்டாக்ஹோமுக்குச் சென்று ஸ்வீடன் இயற்பியலாளர் மான்னே சீக்பானின் நிறுவனத்தில் இடம் பெற்றார். இடம்தான் கிடைத்தது, கருவிகளோ, உதவியாளர்களோ, மதிப்போ கிடைக்கவில்லை.

கேள்வி: சோதனையைச் செய்தவர்கள் பெர்லினில் இருந்தார்கள். பனியில் உட்கார்ந்திருந்தவர் எதைக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தென்காசி

பதில்: மிக நல்ல கேள்வி, தம்பி. இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

யுரேனியத்தின் மேல் நியூட்ரானைச் செலுத்தினால் யுரேனியத்தைவிடக் கனமான தனிமங்கள் உருவாகின்றன என்று 1934 இல் என்ரிக்கோ ஃபெர்மி கருதினார். அதைத் தொடர்ந்து ஆராயலாம் என்று ஹானைத் தூண்டியவர் மைட்னரே. வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மன் மூன்றாமவராகச் சேர்ந்தார். மைட்னர் தப்பிப் போன பிறகு, கிடைத்த பொருள்களில் ஒன்று ரேடியம் போலத் தோன்றுகிறது என்று ஹான் எழுதினார். மெதுவாக வரும் நியூட்ரான் ஒன்று யுரேனியத்தை (அணு எண் 92) ரேடியமாக (88) மாற்றுவது இயற்பியல்படி நம்பத்தக்கதன்று. ஆகவே 1938 நவம்பரில் கோபன்ஹேகனில் ஹானைச் சந்தித்தபோது, இன்னும் கடுமையாகச் சோதித்துப் பாருங்கள் என்று மைட்னர் வற்புறுத்தினார். சோதித்தார்கள். அந்த 'ரேடியத்தை', அதனோடு கலந்திருந்த பேரியத்திலிருந்து எந்த வழியிலும் பிரிக்க முடியவில்லை. பிரிக்க முடியாததற்குக் காரணம் எளியது: அதுவே பேரியம்தான். டிசம்பர் 19 இல் ஹான் மைட்னருக்குக் கடிதம் எழுதினார். யுரேனியம் இப்படி உடைய முடியாது என்பது தெரிகிறது, நீங்கள் ஏதாவது விளக்கம் சொல்ல முடியுமா என்பது அதன் சாரம்.

கிறிஸ்துமஸுக்கு மைட்னர் ஸ்வீடனின் மேற்குக் கரையில் உள்ள குங்ஏல்வ் என்ற சிற்றூரில் தோழி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும் கோபன்ஹேகனிலிருந்து வந்து சேர்ந்தார், அவரும் இயற்பியலாளர். அவருடைய தந்தை அப்போது டாக்கௌ வதைமுகாமில் இருந்தார். தம் புதிய சோதனையைப் பற்றிச் சித்தியிடம் பேச வேண்டும் என்று காலை உணவுக்கு வந்த ஃபிரிஷ், ஹானின் கடிதத்தை வைத்துக்கொண்டு சித்தி சிந்தனையில் ஆழ்ந்திருப்பதைக் கண்டார். அதை முதலில் படி என்றார் மைட்னர். ஹான் தவறியிருப்பார் என்றார் ஃபிரிஷ். ஹான் வேதியியலில் அப்படித் தவறுகிறவர் அல்லர் என்றார் சித்தி. இருவரும் பனியில் நடக்கக் கிளம்பினார்கள். ஃபிரிஷ் பனிச்சறுக்குக் கட்டைகளில் போக, மைட்னர் வெறும் காலணியோடு அதே வேகத்தில் கூடவே வந்தார்.

ஒரு கல்லை உளியால் உடைப்பது போல் நியூட்ரான் அணுக்கருவை உடைக்க முடியாது. அதற்கு வேண்டிய ஆற்றல் அதனிடம் இல்லை. ஆனால் அணுக்கருவை ஒரு நீர்த்துளியாக எண்ணிப் பாருங்கள். துளியை உருண்டையாகப் பிடித்து வைத்திருப்பது பரப்பு இழுவிசை. துளிக்கு மின்னேற்றம் இருந்தால் அதன் பகுதிகள் ஒன்றையொன்று தள்ளும், பரப்பு இழுவிசை அந்த அளவுக்கு வலுவிழக்கும். யுரேனியத்தில் 92 புரோட்டான்கள் இருப்பதால் இந்த இரண்டு விசைகளும் ஏறத்தாழச் சமநிலைக்கு வந்துவிடுகின்றன என்று, ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, கையிலிருந்த காகிதத் துண்டுகளில் அவர்கள் கணக்கிட்டார்கள். ததும்பிக்கொண்டிருக்கும் அத்தகைய துளியில் ஒரு நியூட்ரான் விழுந்தாலே போதும்: நீளும், இடை சிறுக்கும், இரண்டாகும். பிரிந்த இரு துளிகளும் மின்விலக்கத்தால் பறந்து விலகும். அப்போது அவற்றுக்குக் கிடைக்கும் ஆற்றல் சுமார் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்.

அவ்வளவு ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அணுக்கரு நிறைகளைக் கணக்கிடும் சூத்திரம் மைட்னருக்கு மனப்பாடம். பிரிந்த இரண்டு துண்டுகளின் நிறையைக் கூட்டினால் முழு அணுக்கருவைவிட ஒரு புரோட்டானின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிறை குறைந்தால் அது ஆற்றலாக மாறும் என்பதை 1909 இல் சால்ஸ்பர்க்கில் ஐன்ஸ்டீனின் வாயால் நேரில் கேட்டு வியந்தவர் அவர். புரோட்டான் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு என்பதும் 20 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டே. இரண்டு தனித்தனி வழிகளில் போட்ட கணக்கு ஒரே எண்ணில் வந்து நின்றது. ஒப்பிட்டுப் பார்க்க: அடுப்புக்கரியில் ஒரு கார்பன் அணு எரியும்போது கிடைப்பது சுமார் 4 எலெக்ட்ரான் வோல்ட். கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் நீரை ஆவியாக்குவது இந்தக் கணக்கில் வந்த ஆற்றலே.

இன்னும் ஒரு நுட்பம். 1939 ஜனவரி 6 இல் வெளிவந்த தங்கள் கட்டுரையில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் பிளவுபட்ட துண்டுகளை நிறை எண்ணால் கூட்டிப் பார்த்தார்கள்: பேரியம் 138, மற்றொன்று 101, கூடினால் 239 என்று. அந்தக் கணக்கில் மற்றத் துண்டு 43 ஆம் தனிமமாகும். மைட்னரும் ஃபிரிஷும் மின்னேற்றத்தைக் கூட்டினார்கள்: யுரேனியத்தின் 92 இலிருந்து பேரியத்தின் 56 போனால் 36, ஆகவே மற்றத் துண்டு கிரிப்டான். இரண்டு கூட்டலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள், தம்பி. பனியில் உட்கார்ந்தவர் எதைக் கண்டுபிடித்தார் என்ற உங்கள் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது: அணுக்கரு இரண்டாகப் பிளக்கிறது, அதன் புரோட்டான்கள் இரு துண்டுகளுக்கும் பங்காகின்றன என்பதே அது. கோபன்ஹேகனுக்குத் திரும்பிய ஃபிரிஷிடமிருந்து விளக்கத்தைக் கேட்டதும் டென்மார்க் இயற்பியலாளர் நீல்ஸ் போர், நாமெல்லாம் எவ்வளவு மடையர்களாக இருந்திருக்கிறோம் என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். தொலைபேசியிலேயே பேசிப் பேசி எழுதிய சித்தி–மகன் கட்டுரை 1939 பிப்ரவரி 11 இல் நேச்சர் இதழில் வந்தது. உயிரணு பிரிவதற்கு என்ன சொல்வீர்கள் என்று ஓர் உயிரியலாளரைக் கேட்டு, 'ஃபிஷன்' (பிளவு) என்ற அந்தச் சொல்லையே ஃபிரிஷ் இதற்கும் பெயராக வைத்தார்.

கேள்வி: நோபெல் பரிசு அவருக்கு மறுக்கப்பட்டதற்குக் காரணம் அவர் பெண் என்பதா, யூதர் என்பதா? ஹான் அவரை வஞ்சித்துவிட்டாரா?
– மூன்று கடிதங்கள்: சேலம், கோயம்புத்தூர், புதுச்சேரி

பதில்: நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் அணுப்பிளவைக் கண்டவர் ஓட்டோ ஹான் என்று மட்டும் சொல்லி, மாணவர்களை எழுதவும் வைத்தவன் என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1944 ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபெல் பரிசு 1945 நவம்பரில் ஹானுக்கு மட்டும் அறிவிக்கப்பட்டது. ஸ்ட்ராஸ்மனுக்கும் இல்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வேதியியலுக்கும் இயற்பியலுக்குமாகச் சேர்த்து ஏறத்தாழ ஐம்பது முறை மைட்னரின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பிளாங்கும் நீல்ஸ் போரும் பரிந்துரைத்தவர்களில் அடங்குவர்.

ஒற்றைக் காரணம் சொல்வது எளிது. ஆனால் நடந்தது வேறு. 1938 டிசம்பரில், நாட்டை விட்டு ஓடிய ஒரு யூதப் பெண்ணின் பெயரோடு பெர்லினிலிருந்து ஒரு கட்டுரை வெளிவருவது நினைத்துப் பார்க்க முடியாத செயல். அதனால் வேதியியல் ஒரு கட்டுரையாகப் பெர்லினிலிருந்தும், இயற்பியல் இன்னொரு கட்டுரையாக வெளியிலிருந்தும் வந்தன. நான்கு ஆண்டுகள் மூவராகச் செய்த வேலை இப்படி அரசியலால் இரண்டு கூறானது. பரிசுக் குழுவினர் அந்தக் கூறுபாட்டையே அறிவியல் எல்லையாக எடுத்துக்கொண்டு, கண்டுபிடிப்பு வேதியியலுக்கு உரியது, மற்றது விளக்கம்தானே என்று முடிவு செய்தார்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்துக் குழுவின் கோப்புகள் திறக்கப்பட்டபோது, மதிப்பிட்டவர்களுக்கு இரு துறைகளையும் சேர்த்துப் பார்க்கும் பார்வை போதவில்லை என்பதும், போர்க்காலத்து ஸ்வீடன் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்ததும் வெளிப்பட்டன. அவர் பெண் என்பதும் அகதி என்பதும் இவற்றோடு சேர்ந்து வேலை செய்தன என்றே நான் கருதுகிறேன்.

ஹானைப் பொறுத்தவரை, அவர் மைட்னரைக் காப்பாற்ற மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தவர். பரிசுத் தொகையில் ஒரு பகுதியை அவருக்கு அனுப்பியவர், மைட்னர் அதை ஐன்ஸ்டீன் தலைமையில் இயங்கிய அணு அறிவியலாளர் அவசரக் குழுவுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். அதே ஹான்தான், இயற்பியல் குறுக்கே நிற்காமல் இருந்ததால்தான் கண்டுபிடிப்பு நிகழ்ந்தது என்ற பொருள்பட ஆண்டுக்கணக்கில் பேசியவர். ஆட்சி நெருக்கிய நாள்களில் தற்காப்பாகத் தொடங்கிய பேச்சு, பிறகு அவருக்கே நம்பிக்கையாகிவிட்டது. ஹானின் நெடுநாள் உதவியாளர் என்று ஜெர்மன் இதழ் ஒன்று தம்மைக் குறிப்பிட்டதைக் கண்டு 1953 இல் மைட்னர் மனம் வெதும்பி, உங்களை என் நெடுநாள் உதவியாளர் என்று எழுதினால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று ஹானுக்கே எழுதிக் கேட்டார். இருந்தும் நட்பு முறியவில்லை. 1968 ஜூலையில் ஹான் இறந்தபோது, நோயுற்றிருந்த மைட்னருக்கு அச்செய்தியைக் குடும்பத்தார் சொல்லவில்லை. அக்டோபர் 27 இல் அவரும் கேம்பிரிட்ஜில் காலமானார்.

கேள்வி: அணுகுண்டின் தாய் என்று அவரை ஒரு காணொளியில் சொல்கிறார்கள். பொருந்துமா?
– வாசகர், ஈரோடு

பதில்: பொருந்தாது. 1943 இல் குண்டுத் திட்டத்தில் சேர அழைப்பு வந்தபோது, குண்டோடு எனக்கு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்று அவர் மறுத்தார். ஸ்டாக்ஹோமில் வசதியின்றித் தவித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த அழைப்பு ஒரு விடுதலையாகக்கூட இருந்திருக்கும். ஃபிரிஷ் சேர்ந்தார் என்பது வேறு செய்தி. ஹிரோஷிமாவுக்குப் பிறகுதான் பத்திரிகைகள் இந்தப் பட்டத்தைச் சூட்டின. அதைவிட முக்கியமானது அவர் 1945 ஜூனில் ஹானுக்கு எழுதிய கடிதம்: நீங்கள் எல்லோரும் நாஜி ஜெர்மனிக்காக உழைத்தீர்கள், செயலற்ற எதிர்ப்பைக்கூடக் காட்ட முயலவில்லை என்று அதில் நேருக்கு நேர் எழுதினார். கடிதம் ஹானின் கைக்குப் போய்ச் சேரவில்லை. பின்னாளில் மைன்ஸ் நகரத்துக்கு வந்து பணியாற்றுமாறு ஸ்ட்ராஸ்மன் அழைத்தபோதும் மைட்னர் ஜெர்மனிக்குத் திரும்பவில்லை.

கேள்வி: கதிரியக்கப் பொருள்களோடு அத்தனை ஆண்டுகள் பழகியும் எண்பத்தொன்பது வயது வரை எப்படி வாழ்ந்தார்?
– செவிலியர், வேலூர்

பதில்: ஒரு பகுதி நல்வாய்ப்பு, ஒரு பகுதி கண்டிப்பு. டாலம் நிறுவனத்தில் யாரும் யாரோடும் கைகுலுக்கக் கூடாது. ஒவ்வொரு தொலைபேசியின் அருகிலும் கதவுக் கைப்பிடியின் அருகிலும் கழிப்பறைக் காகிதச் சுருள் தொங்கும். அதைக் கிழித்துப் பிடித்துக்கொண்டுதான் தொட வேண்டும். தம் உடல்நலத்தைவிட, துல்லியமான அளவீடுகளைக் கதிரியக்கத் தூசி கெடுத்துவிடக் கூடாது என்ற கவலையே இதற்கு முதன்மைக் காரணம். பலன் இரண்டுக்கும் கிடைத்தது.

கேள்வி: அவர் பெயரில் ஒரு தனிமம் இருக்கிறதாமே, அதன் பயன் என்ன?
– பத்தாம் வகுப்பு மாணவி, அரியலூர்

பதில்: 109 ஆம் தனிமம், மைட்னேரியம். 1982 ஆகஸ்டில் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகத்தில் முதன்முதலில் ஒரே ஓர் அணுவாக உருவாக்கப்பட்டது. பெயர் 1997 இல் உறுதியானது. நொடிக்கணக்கில் அழிந்துவிடுவதால் நடைமுறைப் பயன் ஒன்றும் இல்லை. ஹானின் பெயரை 105 ஆம் தனிமத்துக்கு வைக்க முயன்றார்கள், நிலைக்கவில்லை.

கேள்வி: ம்யூனிக் நகரில் வேலை பார்க்கும் என் மகன், அங்குள்ள டாய்ட்சஸ் மியூசியத்தில் அணுப்பிளவு நடந்த மேசையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான். மைட்னரும் அந்த மேசையில் வேலை செய்தவரா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, அந்த மேசையில் யாரும் அப்படி வேலை செய்ததில்லை. கதிர் செலுத்துவது ஓர் அறை, வேதியியல் முறையில் பிரிப்பது இன்னோர் அறை, அளப்பது மூன்றாவது அறை. மூன்றும் ஒன்றாக இருந்தால் அளவீடு கெட்டுவிடும். காட்சிக்காக மூன்று அறைகளின் பொருள்களையும் ஒரே மேசையில் அடுக்கி, ஓட்டோ ஹானின் பணிமேசை என்று பல பத்தாண்டுகள் எழுதி வைத்திருந்தார்கள். பின்னர்தான் மைட்னரும் ஸ்ட்ராஸ்மனும் குறிப்பில் இடம் பெற்றனர். மகன் அனுப்பிய படத்தை மீண்டும் பாருங்கள். வட்டமான மெழுகுக் கட்டி ஒன்று தெரியும்; நியூட்ரானின் வேகத்தைத் தணிப்பது அது. மற்றொரு பக்கம் கம்பிச்சுருள்களும், வெற்றிடக் குழாய்களும், மேசைக்கடியில் வரிசையாக மின்கலங்களும் இருக்கும். அந்தப் பக்கம் மைட்னரின் இயற்பியல் பிரிவுக்கு உரியது.